டூர் பில்லில் பிடித்த 5 சதவீதம் யாருக்குத் திரும்பும்?

2024-25 நிதியாண்டுக்கான வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய, தணிக்கை தேவைப்படாதவர்களுக்குக் கடைசி நாளாக 2025 செப்டம்பர் 15 அறிவிக்கப்பட்டது. வழக்கமான ஜூலை 31-ஐ அந்த ஆண்டு மே மாதமே தள்ளிவைத்தார்கள். அந்தக் கெடுவை ஒட்டி விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் ஒரே கேள்வி வெவ்வேறு உருவில் வந்தது. “போன வருஷம் குடும்பத்தோடு இலங்கை போய்வந்தோம். ஏஜென்ட் பில்லில் டிசிஎஸ் என்று போட்டுத் தனியாகப் பணம் வாங்கினார். அது போனது போனதுதானா?” இலங்கைக்குப் பதில் சிலர் பாலி என்றார்கள், சிலர் மொரீஷியஸ் என்றார்கள். கேள்வி மாறவில்லை.

பதில்: போகவில்லை. ஆனால் கேட்காமல் திரும்பாது.

பான் எண், ஐடிஆர், 26ஏஎஸ் என்ற அரிச்சுவடிக்குள் இங்கே போகவில்லை. பக்கத்து ஆடிட்டர் ஆபீஸில் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். அங்கேயும் பலர் விளக்காமல் கடந்துபோகிற டிசிஎஸ் (விற்பவர் மூலத்திலேயே வசூலிக்கும் வரி) கணக்கைத்தான் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டு டூர் பேக்கேஜ் விற்கிறவர் வாடிக்கையாளரிடம் டிசிஎஸ் வசூலித்து அரசுக்குக் கட்ட வேண்டும் என்ற விதி 2020 அக்டோபர் 1-ல் வந்தது. 2024-25-ல் 7 லட்சம் ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். 2025 ஏப்ரலில் அந்த வரம்பு 10 லட்சமானது. டிசிஎஸ் கூடுதல் வரி அல்ல, நீங்கள் கட்ட வேண்டிய வருமான வரிக்கான முன்பணம் என்பது அரசின் விளக்கம். வரி கட்டுகிறவருக்கு அந்த விளக்கம் பொருந்தும். கட்ட வேண்டிய வரியே இல்லாதவருக்கு எதற்கு முன்பணம்?

திண்டிவனம் பக்கத்தில் மணிலாவும் நெல்லும் போடுகிற ஒரு விவசாயியை வைத்துக் கணக்குப் போடுவோம். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை. அவர் வாழ்நாளில் ஐடிஆர் போட்டதில்லை. 2024 மே மாதம் நான்கு பேருக்குத் தலைக்கு 60,000 ரூபாய் என்று 2,40,000 ரூபாய்க்குப் பேக்கேஜ் எடுக்கிறார். ஜிஎஸ்டியைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் டிசிஎஸ் 12,000 ரூபாய். ஏஜென்ட் அதை அவர் பான் எண்ணில் கட்டிவிடுகிறார். அவருக்கு வரி பூஜ்யம் என்பதால் 12,000-மும் அவருக்கே திரும்ப வேண்டிய பணம். ஆனால் கணக்குத் தாக்கல் செய்து கேட்டால்தான் வரும்.

வட்டி விஷயம் இன்னும் விசேஷம். கணக்கைக் கெடுவுக்குள் போட்டால், ரீஃபண்டுக்கு மாதம் அரை சதவீத வட்டி 2025 ஏப்ரல் 1 முதல் கிடைக்கும். அவர் பணம் கட்டியது 2024 மே. அந்த மே முதல் மார்ச் வரை பணம் அரசிடம் வட்டியில்லாக் கடனாகக் கிடந்திருக்கிறது. கெடு தாண்டிப் போட்டால், தாக்கல் செய்த நாளிலிருந்துதான் வட்டி. நாம் வரியைத் தாமதமாகக் கட்டினால் மாதம் ஒரு சதவீதம் கேட்கிற துறைதான் இது.

அவர் விழுகிற அடுத்த பள்ளம் படிவம். ஆண்டுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் விவசாய வருமானம் இருந்தால் எளிதான ஐடிஆர்-1 செல்லாது. கடை, வியாபாரம் இல்லாதவர் ஐடிஆர்-2 போட வேண்டும். “எனக்குத்தான் வரியே இல்லையே, சின்னப் படிவம் போதும்” என்று நினைத்தால் நடக்காது.

மூன்றாவது பள்ளம் யாரும் சொல்லாதது. தனக்கோ பிறருக்கோ வெளிநாட்டுப் பயணச் செலவாக ஓர் ஆண்டில் 2 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவழித்தவர், வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். நம் விவசாயி நான்கு பேருக்கும் தன் பெயரில் பணம் கட்டியதால் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார். நால்வரும் தனித்தனியாகக் கட்டியிருந்தால் கட்டாயம் இருந்திருக்காது. ஆனால் ஆளுக்கு 3,000 ரூபாயைத் திரும்ப வாங்க நான்கு பேரும் நான்கு கணக்குப் போட வேண்டியிருந்திருக்கும். ஒரே பெயர் என்றால் கட்டாயம், பல பெயர் என்றால் அலைச்சல். கோயில் குழுவாகத் திருக்கோணேஸ்வரம், கதிர்காமம் போகிறவர்களில் ஒருவர் எல்லோரிடமும் பணம் திரட்டி ஏஜென்டிடம் கட்டுவது நம் ஊர் வழக்கம். டிசிஎஸ் முழுவதும் திரட்டியவர் பான் எண்ணில் ஏறும், செலவும் அவர் தலையில் ஏறும். ரீஃபண்ட் அவர் வங்கிக் கணக்குக்கு வரும்போது மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பாரா என்பது அவரவர் சிநேகத்தைப் பொறுத்தது.

பான் எண் கொடுக்காதவரிடமும், ஆதாரோடு இணைக்காமல் செயலிழந்த பான் வைத்திருப்பவரிடமும் அந்த 5 சதவீதம் 10 ஆனது.

இந்த ஏற்பாட்டின் நோக்கம் வரி வலையை அகலமாக்குவது என்றார்கள். வலை எவ்வளவு அகலம் என்பதை வரித் துறையே 2023 ஜூனில் வெளியிட்ட விளக்கத்தில் பார்க்கலாம். விமான டிக்கெட் மட்டும் வாங்கினாலோ ஹோட்டல் அறை மட்டும் பதிவுசெய்தாலோ அது ‘பேக்கேஜ்’ ஆகாது. டிக்கெட், தங்குமிடம், அதுபோன்ற வேறு செலவு ஆகியவற்றில் குறைந்தது இரண்டு சேர்ந்திருக்க வேண்டும். எப்படிப் பதிவுசெய்தாலும் போகிற ஊரும் தங்குகிற அறையும் அதேதான். டிக்கெட்டை ஓரிடத்திலும் அறையை இன்னோரிடத்திலும் தானே இணையத்தில் பதிவுசெய்யத் தெரிந்தவருக்கு டிசிஎஸ் இல்லை. அது தெரியாமல் ஏஜென்டை நம்பிப் போகிற முதல்முறைப் பயணிக்கு உண்டு. வலையில் சிக்குவது பெரிய மீனா என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

மாதச் சம்பளக்காரர்களுக்கு ஒரு நல்ல வழி 2024 அக்டோபரில் திறந்தது. படிவம் 12பிஏஏ-யில் டிசிஎஸ் விவரத்தை அலுவலகத்தில் கொடுத்தால், அந்த அளவுக்குச் சம்பளத்தில் பிடிக்கும் டிடிஎஸ் குறையும். ஐடிஆர் வரை காத்திருக்க வேண்டாம்.

கணக்குப் போடும்போது செய்ய வேண்டியது: ஏஜென்டிடம் படிவம் 27டி சான்றிதழ் கேளுங்கள். உங்கள் 26ஏஎஸ் வரிப் பதிவில் அதே தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் ஏஜென்ட் பணத்தைக் கட்டவில்லை, அல்லது காலாண்டு அறிக்கையில் உங்கள் பான் எண்ணைத் தப்பாகப் போட்டிருக்கிறார். திருத்த வேண்டியவர் அவர்தான். கணக்கைப் போட்ட 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்ப்பை முடியுங்கள். அதை விட்டால் கெடுவுக்குள் போட்டதாகவே ஆகாது.

மற்ற கேள்விகள்:

கெடு தவறினால்? 2024-25 கணக்கை 2025 டிசம்பர் 31 வரை போட முடிந்தது. கணக்குப் போடக் கடமைப்பட்டவருக்கு, வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000 ரூபாய் வரை, அதற்கு மேல் 5,000 ரூபாய் தாமதக் கட்டணம்.

பில்லில் உள்ள ஜிஎஸ்டி திரும்புமா? திரும்பாது.

இந்திய ரூபாய் எவ்வளவு கொண்டுபோகலாம்? 25,000 வரை.

ஜிபே, போன்பே அங்கே செல்லுமா? இலங்கையிலும் மொரீஷியஸிலும் 2024 பிப்ரவரி முதல் யுபிஐ உண்டு. புறப்படும் முன் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவையுங்கள், எல்லாக் கடையிலும் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

கார்டு மெஷின் “இந்திய ரூபாயிலா, உள்ளூர்ப் பணத்திலா” என்று கேட்டால்? உள்ளூர்ப் பணம், ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தை அந்தக் கடைப் பக்கம் முடிவு செய்யும்.

கொழும்பில் டாக்ஸி? பிக்மி செயலியில் விலை பார்த்துவிட்டு ஏறுங்கள். தெருவில் ஆட்டோவை நிறுத்தினால் மீட்டர் போடச் சொல்லுங்கள்.

டிப்ஸ்? ஹோட்டல் பில்லில் 10 சதவீத சேவைக் கட்டணம் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் மேலே கொடுப்பது உங்கள் இஷ்டம். பேக்கேஜ் வண்டி ஓட்டுநருக்கான டிப்ஸ் விலையில் சேர்ந்ததா என்பதை இங்கேயே எழுதி வாங்குங்கள்.

அந்தமான் டூருக்கு டிசிஎஸ் பிடித்தார்களே? பிடித்திருக்கக் கூடாது, அந்தமான் இந்தியாவில்தான் இருக்கிறது.