லேப்டாப் ஸ்லோவா? இஎம்ஐ போடும் முன் இந்தக் கணக்கைப் பாருங்க!

பழைய லேப்டாப் ஆன் ஆகவே மூணு நிமிஷம் எடுக்குதா? புது லேப்டாப்புக்கு இஎம்ஐ போட அவசரப்படாதீங்க. பல நேரம் பிரச்னை உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்தான். அதை மட்டும் மாத்தினாலே போதும்.

வேகம்: சுழலும் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100-150 எம்பி அளவில் படிக்கும். சாட்டா எஸ்எஸ்டி சுமார் 550 எம்பி. என்விஎம்இ அதைவிடப் பல மடங்கு. ஆனால் எக்செல், பிரவுசர், மெயில் மட்டும்னா சாட்டாவே தாராளம். என்விஎம்இ வாங்கும் முன் அதற்கான ஸ்லாட் இருக்கான்னு பாருங்க.

கொள்ளளவு: இப்போ எத்தனை ஜிபி நிரம்பியிருக்குன்னு பாருங்க. அதைப்போல இரண்டு மடங்கு இருந்தால் சில வருஷம் தாங்கும்.

செலவு: உதாரணத்துக்கு, 500 ஜிபி 4,000 ரூபாய், 1,000 ஜிபி 6,000 ரூபாய்னு வைப்போம். ஒரு ஜிபிக்கு 8 ரூபாய், 6 ரூபாய். பெரியது மலிவுதான்! ஆனால் 200 ஜிபிகூட நிரப்பாதவருக்கு அந்தக் கூடுதல் 2,000 ரூபாய் வீண்.

கழற்றிய டிஸ்க்கை யுஎஸ்பி கேஸில் போட்டு பேக்கப்புக்கு வெச்சுக்கலாம். ஒரே காப்பியை மட்டும் அதில் வைக்காதீங்க.

மலிவா இருக்கேன்னு வாங்காம, தேவைக்கு வாங்குங்க. மிச்சப்பட்ட பணம் எஸ்ஐபிக்குப் போகட்டும்!