பகலில் உலவும் விட்டில்

விளக்கிற் பாய்ந்து மாயும் விட்டிலை உவமை கூறாத புலவர் அரியர். அதனால் விட்டிலென்றால் இருளுக்கே உரியதென்று கொண்டுவிட்டோம். ஆயின், வெயிலெறிக்கும் வேளையிற் பறக்கும் சிறுவிட்டிலொன்று நம் வயலோரங்களில் உண்டு. நூலோர் அதன் குலத்தை யுதெதைசா என்பர். அக்குலத்து ஓரினத்துக்குச் சுவீடன் நாட்டறிஞர் லின்னேயசு 1758ஆம் ஆண்டில் இட்ட இலத்தீன் பெயர் ‘சிற்றழகி’ என்று பொருள்படும்.

கிலுகிலுப்பை நிற்கும் தரவையிலோ, பசளைக்குச் சணல் விதைத்த வயலிலோ நடப்பீராயின், காலடியில் எழுந்து சற்றே தள்ளி அமரும். சிறகு விரித்தால் ஓரங்குலத்துக்குச் சிறிது மிகும். முன்சிறகு வெண்மை, அதன்மேற் குங்குமமும் மையும் தொட்டுவைத்தாற்போன்ற புள்ளிகள். பின்சிறகும் வெண்மையே, விளிம்பிற் கரிய கரை. வண்ணத்துப்பூச்சியோவென ஐயுறுவார் உணர்கொம்பை நோக்குக: வண்ணத்துப்பூச்சிக்கு நுனி தடித்திருக்கும், இதற்கு நூலிழைபோல் ஒடுங்கும்.

தாய் இலையில் முட்டையிடும். வெளிவரும் புழு கரியது. வெண்கோடும் செம்புள்ளியும் மயிரும் உடையது. இலையைத் தின்று, பின் காயைத் துளைத்து விதையையும் உண்ணும். ஆதலின் விதைக்கெனச் சணல் வளர்ப்பார்க்கு இது பகையே. வளர்ந்தபின் சருகிடையே மெல்லிய கூடு கட்டி உறங்கிச் சிறகோடு எழும்.

கிலுகிலுப்பை இனத்துச் செடிகள் பலவற்றிலே கால்நடையின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சுண்டு. விதையில் அது மிகுதி. புழு அந்நஞ்சை உண்டும் மடியாது. உடலிற் சேர்த்துவைத்து, விட்டிலானபின்னும் காக்கும். அமெரிக்காவில் வாழும் இதன் உறவினத்தைத் தோமசு ஐசுனர் என்னும் பேராசிரியர் ஆராய்ந்தார். வலையில் வீழ்ந்த விட்டிலைச் சிலந்தி தானே இழையறுத்து விடுவித்தது. நஞ்சில்லா உணவில் வளர்த்ததையோ தின்றுவிட்டது. மேலும், ஆண் புணர்ச்சியின்போது தன் நஞ்சிற் பங்கைப் பெண்ணுக்கு ஈகின்றது; பெண் தன் பங்கையும் கூட்டி முட்டைகளுக்கு வழங்குகின்றது. மக்கள் முகங்காணாத தந்தையும் அவர்க்குக் கவசம் வைத்துச் செல்கின்றான்!

ஆகவே, இதன் அழகு வெறும் ஒப்பனையன்று. ‘என்னைத் தீண்டற்க’ என்னும் எச்சரிக்கை. பட்டப்பகலில் அஞ்சாது உலவுவதும் அதனாலேயே. ஆனால் அக்கவசம் பிறப்பில் வந்து நிறைவதன்று. செடி நின்றாலே அது நிலைக்கும். எம் கல்லூரி வளவிற் புல்லுச் செருக்கும் மாணாக்கர்க்கு யான் கூறுவது இதுவே: வேலியோரத்துக் கிலுகிலுப்பை நாலைந்தை விட்டுவையுங்கள், அது களையன்று, ஓருயிரின் முதுசொம்.