கரும்பு விளைச்சலில் ஆராய்ச்சியின் பங்கு எவ்வளவு?

கோவையில் 1912-இல் அரசுப் பணத்தில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையம் நாட்டுக்கு எவ்வளவு ஈட்டித் தந்திருக்கிறது? கணக்குப் போடும் வழி எளிது. புதிய ரகம் ஏக்கருக்குக் கூடுதலாகத் தந்த விளைச்சலை, அது பரவிய பரப்பால் பெருக்கி, விலை வைத்து, ஆராய்ச்சிச் செலவோடு ஒப்பிட வேண்டும். அமெரிக்காவின் வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்குப் பொருளியலாளர் ஸ்வி கிரிலிக்கஸ் 1958-இல் இப்படிப் பார்த்தபோது, ஆண்டுக்குக் குறைந்தது 700 சதவீதப் பலன் என்று வந்தது. அதே தரவை வேறு சூத்திரத்தில் இட்டால் 35 முதல் 40 சதவீதம்தான். எந்த எண்ணைக் கேட்டாலும், எந்தச் சூத்திரம் என்று முதலில் விசாரிப்பது நல்லது.

கரும்பில் சிக்கல் இன்னும் ஆழமானது. 'வெள்ளை' என்ற ரகத்தையும் காட்டு நாணலையும் கலந்து கோவை நிலைய விஞ்ஞானிகள் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் உருவாக்கிய கோ 205, 1918-இல் வட இந்திய வயல்களுக்குப் போனது. பின்னாலேயே மற்ற கோ ரகங்களும் போயின. ஜாவா சர்க்கரையை நம்பியிருந்த நாடு, 1930-களின் பிற்பகுதியில் தன் தேவைக்குத் தானே காய்ச்சிக்கொண்டது. ஆனால் உள்நாட்டுச் சர்க்கரைத் தொழிலைக் காக்க 1932-இல் தனிச் சட்டம் வந்தது. இறக்குமதிக்குக் கடும் வரி. முப்பதை ஒட்டியிருந்த ஆலைகள் சில ஆண்டுகளிலேயே 130-ஐத் தாண்டின. நல்ல ரகம் இல்லாமல் வரி மட்டும் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா? வரி இல்லாமல் ரகம் மட்டும் இருந்திருந்தால்? புது ரகம் முன்னதாக வந்த ஊரையும் தாமதமாக வந்த ஊரையும் ஒப்பிட்டால் ஓரளவு பிரித்துச் சொல்லலாம். முழுப் பலனையும் ஆராய்ச்சியின் பெயரில் எழுதிக்கொள்வது நேர்மையான கணக்கு ஆகாது.

இழப்பையும் எழுத வேண்டும். கோவை நிலையத்தின் கர்னால் மையம் தந்த கோ 0238, 2009-இல் வெளியாகி, உத்தரப் பிரதேசக் கரும்புப் பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பிடித்தது. ஆலைகளில் கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் விகிதம் கூடியது. ஒரே ரகம் அத்தனை பரப்பில் நின்ற நிலையில் செவ்வழுகல் நோய் தாக்கியது. விவசாயிகள் தோட்டம் தோட்டமாகப் பயிரை இழந்தார்கள். இப்போது அதன் இடத்துக்கு வரும் கோ 0118, கோ 15023 ஆகியவையும் அதே மையத்தின் ரகங்களே. இவற்றால் விளைச்சல் உயராவிட்டாலும், இருப்பது குறையாமல் நின்றாலே பெரிய பலன். கூடுதல் விளைச்சலை மட்டும் எண்ணும் கணக்கில் அந்தப் பலன் பூஜ்யமாகத்தான் தெரியும்.