பில்லிங் இல்லாத நாட்கள்

தகவல் தொழில்நுட்பச் சேவை நிறுவனம் எனப்படுவது பெரும்பாலும் தனக்கென ஒரு மென்பொருளை உருவாக்கிச் சந்தையில் விற்பதில்லை. அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இயங்கும் வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் மருந்துக் கம்பெனிக்கும் தேவைப்படும் கணினிப் பணிகளைத் தன் ஊழியர்களைக் கொண்டு செய்துகொடுத்து, அவர்கள் உழைத்த நேரத்துக்கான விலையை அது பெற்றுக்கொள்கிறது. இதற்குத் துறைக்குள் வழங்கும் பெயர் ‘பில்லிங்’. ஒரு பொறியாளரின் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை டாலர் என்று ஒப்பந்தத்தில் விலை குறிக்கப்படுகிறது. அந்த விலைக்கும் அவர் வாங்கும் சம்பளத்துக்கும் இடையிலுள்ள தொகையில்தான் கட்டட வாடகை, மேலாளர்களின் ஊதியம், பயிற்சிச் செலவு, இலாபம் ஆகிய அனைத்தும் அடங்க வேண்டும். வேலையை மொத்தமாகப் பேசி விலை வைக்கும் ஒப்பந்தங்களும் உண்டு என்றாலும், நிறுவனத்தின் உள்கணக்கில் அவையும் ஆள், நாள், மணி என்றே பிரிக்கப்படுகின்றன. 1968-இல் தொடங்கிய டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ், 1981-இல் புனேயில் பிறந்த இன்ஃபோசிஸ், 1994-இல் சென்னையில் வேர்விட்ட காக்னிசன்ட் முதலிய பெருநிறுவனங்கள் இந்தக் கணக்கின்மீது எழுந்தவையே. அங்கே பணியாற்றுவோரின் அன்றாடத்தில் விளங்காமல் தோன்றும் பல செய்திகள், இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் விளங்கிவிடுகின்றன.

கல்லூரி வளாகத் தேர்வில் எடுக்கப்பட்டு வரும் புதியவருக்கு, துறையின் பேச்சில் ‘ஃப்ரெஷர்’, ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளாகவே 3 முதல் 4 லட்சம் ரூபாய்க்குள் நின்றுகொண்டிருக்கிறது. இதற்கிடையே சோழிங்கநல்லூரிலும் பெருங்குடியிலும் வீட்டு வாடகை ஏறிய ஏற்றத்தை யாரும் சொல்ல வேண்டியதில்லை. இயந்திரவியல் படித்தவர், கட்டடவியல் படித்தவர் என்ற வேறுபாடின்றி அனைவருக்கும் சில மாதப் பயிற்சி தரப்பட்டு, அந்த வேளையில் எந்தத் தொழில்நுட்பத்துக்கு ஆள் தேவையோ அதில் அவர்கள் அமர்த்தப்படுகிறார்கள். புதிய மென்பொருள் எழுதும் கனவோடு வந்தவருக்கு, பிறர் எழுதிப் பல ஆண்டுகளான மென்பொருளைப் பழுது பார்க்கும் ‘சப்போர்ட்’ வேலை கிடைப்பது மிக இயல்பாக நடப்பதாகும். அவ்வேலையில் ஒவ்வொரு பழுதும் ‘டிக்கெட்’ என்ற பெயரில் ஓர் எண்ணோடு வந்து சேர்கிறது. இத்தனை நிமிடத்துக்குள் பதில், இத்தனை மணிக்குள் தீர்வு என்று ஒப்பந்தம் விதித்திருக்கும் காலக்கெடு அதனோடு ஓடத் தொடங்குகிறது.

உழைத்த நேரத்தைக் காட்டும் ஆவணம் ‘டைம்ஷீட்’ எனப்படும் நேரப் பதிவேடு. வெள்ளிக்கிழமை மாலையில், வீட்டுக்குச் செல்லும் வண்டி புறப்படுமுன், ஊழியர் கணினித் திரையில் புராஜெக்ட்டின் குறியீட்டு எண்ணுக்கு எதிரே உள்ள ஐந்து கட்டங்களில் எட்டு, எட்டு, எட்டு என்று நிரப்பி, நாற்பது மணி நேரம் எனக் கூட்டிக் காட்டும் அப்பக்கத்தை மேலாளரின் ஒப்புதலுக்கு அனுப்புகிறார். அந்த வாரத்தில் செவ்வாய்க்கிழமை அவர் பதினொரு மணி நேரம் வேலை செய்திருக்கலாம். வியாழக்கிழமை இரவு வாடிக்கையாளரோடு தொலைபேசிக் கூட்டத்தில் அமர்ந்திருக்கலாம். ஆயினும் வாடிக்கையாளர் பணம் தர ஒப்புக்கொண்டது நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்குத்தான் என்பதால், பல புராஜெக்டுகளில் கட்டத்தில் எட்டுக்கு மேல் எழுத இடமில்லை. எஞ்சிய நேரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் மறைந்துவிடுகிறது. இந்த மிகை நேரம் சோம்பலாலோ திறமைக் குறைவாலோ வருவது என்று எண்ணுவது தவறு. அதற்குப் புவியியல் சார்ந்த காரணமே உண்டு. நியூயார்க் நகரத்தின் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிடக் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்தங்கியிருப்பதால், அங்கே காலை பத்து மணிக்குக் கூடும் கூட்டம் சென்னையில் இரவு ஏழரைக்கோ எட்டரைக்கோ விழுகிறது. குழந்தைக்குச் சோறூட்டும் நேரமும் அதுதான். வேலையை இரு கரைகளிலும் பகிர்ந்து இரவும் பகலும் நடத்தலாம் என்பது இத்தொழிலின் பெரும் வசதியாகப் பேசப்படுகிறது. அந்த வசதிக்கான விலையைக் கொடுப்பவை பெரும்பாலும் இந்தக் கரையிலுள்ள வீடுகள்.

பில்லிங்கில் இருப்பவரின் நிலை இதுவென்றால், பில்லிங் இல்லாதவரின் நிலையைத் துறை ‘பெஞ்ச்’ என்ற ஒரே சொல்லில் குறிக்கிறது. ஒரு புராஜெக்ட் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை, வாடிக்கையாளர் எவரும் தமக்காகப் பணம் கட்டாத காலத்தை ஊழியர் கழிப்பதே பெஞ்ச். வாடிக்கையாளரின் தகவல்களைக் காக்கும் பொருட்டு ஒவ்வொரு புராஜெக்டும் தனிக் கதவிட்ட அறையில் நடப்பது வழக்கம். நான்கு ஆண்டுகளாகத் தம் அட்டையைக் காட்டியதும் திறந்த அக்கதவு, புராஜெக்டிலிருந்து விடுவிக்கப்பட்ட மறுநாள் காலையில் சிவப்பு விளக்கைக் காட்டி மூடியே நிற்கும்போதுதான், தாம் பெஞ்சுக்கு வந்துவிட்டதைப் பலர் முழுதாக உணர்கிறார்கள். அதன்பின் உணவகத்தின் மூலையிலோ காலியாகக் கிடக்கும் ஏதோவொரு மேசையிலோ மடிக்கணினியோடு அமர்ந்து, தம் சொந்த நிறுவனத்துக்குள்ளேயே வேலை தேடும் படலம் தொடங்குகிறது: தன்விவரக் குறிப்பைப் புதுப்பித்தல், ஆள் ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு அஞ்சல் அனுப்புதல், உள் நேர்காணல்களுக்குச் செல்லுதல், இந்தத் தொழில்நுட்பத்தில் அனுபவம் போதாது என்று திரும்புதல்.

இங்கே நின்று ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒருவர் பெஞ்சுக்கு வருவதற்கும் அவருடைய திறமைக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. அட்லாண்டாவிலுள்ள ஒரு வங்கி செலவைக் குறைத்திருக்கலாம். இரு காப்பீட்டு நிறுவனங்கள் இணைந்ததில் ஒன்றின் மென்பொருள் கைவிடப்பட்டிருக்கலாம். ஒப்பந்தம் போட்டி நிறுவனத்துக்குப் போயிருக்கலாம். அதற்கும் மேலாக, பெஞ்ச் என்பது நிறுவனத்துக்கே தேவையான கையிருப்பு. நாளையே இருபது பேரைத் தர முடியும் என்று சொல்ல இயன்ற நிறுவனத்துக்குத்தான் புதிய ஒப்பந்தம் கிடைக்கும். ஊழியர்களில் எத்தனை பங்கினர் பில்லிங்கில் இருக்கிறார்கள் என்ற ‘யூட்டிலைசேஷன்’ விகிதத்தை இன்ஃபோசிஸ் போன்ற நிறுவனங்கள் காலாண்டுதோறும் முதலீட்டாளர்களுக்கு வெளியிடுகின்றன. நூற்றுக்கு நூறு என்பது அதில் ஒருபோதும் வருவதில்லை, வரவும் இயலாது. அப்படியிருந்தும் அந்தக் கையிருப்பாக வைக்கப்பட்ட மனிதர், தாம் எங்கோ தவறிவிட்டதாகவே நம்பத் தொடங்குகிறார். வீட்டில் சொல்லாமல் வழக்கம்போல் காலையில் கிளம்பிச் செல்கிறார். 2025 ஜூனில் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதி, ஊழியர் ஓராண்டில் குறைந்தது 225 வேலைநாட்கள் பில்லிங்கில் இருக்க வேண்டும், பெஞ்சில் 35 நாட்களைத் தாண்டக் கூடாது என்று எண்ணிக்கையிலேயே வரையறுத்தது. தொழிலின் ஏற்றத்தாழ்வால் வரும் சுமையைத் தனி மனிதரின் தோளுக்கு மாற்றும் இத்தகைய விதிகள் நியாயமானவை என்று கொள்வதற்கில்லை.

ஆண்டு மதிப்பீட்டிலும் இதே கணக்கு வேறு உருவில் வருகிறது. ‘பெல் கர்வ்’ எனப்படும் மணிவடிவ வளைகோட்டின்படி, ஒரு குழுவில் மிகச் சிலருக்கு உயர்ந்த தரமும் பெரும்பான்மையோருக்கு நடுத்தரமும் சிலருக்குத் தாழ்ந்த தரமும் கட்டாயம் தரப்பட வேண்டும். பத்துப் பேரும் நன்றாக உழைத்திருந்தாலும் ஒருவரை மேலாளர் கடைசியில் வைத்தாக வேண்டும். அவ்வொருவர் பெரும்பாலும் பெஞ்சில் சில மாதம் இருந்தவராகவோ மகப்பேறு விடுப்பிலிருந்து திரும்பியவராகவோ அமைந்துவிடுவது, இத்துறையின் பெண்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் மனக்குறை.

பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு அனுபவமுள்ளவருக்கு நெருக்கடி வேறு விதமாக வருகிறது. அவருடைய சம்பளம் ஏறியிருக்கும். அவருடைய மணி நேரத்துக்கு வாடிக்கையாளர் தரும் விலை அதே வேகத்தில் ஏறியிராது. அடியில் ஃப்ரெஷர்கள் மிகுந்தும் மேலே செல்லச் செல்ல ஆட்கள் குறைந்தும் இருக்கும் கூம்பு வடிவத்தில்தான் இலாபம் நிற்கிறது என்பதால், வீட்டுக் கடனும் பள்ளி செல்லும் பிள்ளைகளும் உள்ள வயதில்தான் வேலை ஆட்டம் காண்கிறது. 2025 ஜூலையில் அதே டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் தன் ஊழியர்களில் ஏறத்தாழ 2 சதவீதத்தினரை, அதாவது சுமார் 12,000 பேரை, விடுவிக்கப்போவதாக அறிவித்தபோது, பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலைப் பொறுப்புகளில் இருப்போர் என்று அந்த அறிவிப்பே கூறியது.

இவர்களுக்குச் சட்டத்தின் காப்பு உண்டா என்ற கேள்விக்குத் தமிழ்நாடு முக்கியமான விடையளித்திருக்கிறது. சென்னையில் ஒரு பெருநிறுவனம் பணிநீக்கம் செய்த பெண் ஊழியர் ஒருவருக்கு ஆதரவாகச் சென்னை உயர் நீதிமன்றம் 2015 ஜனவரியில் இடைக்காலத் தடை விதித்தது. தகவல் தொழில்நுட்ப ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016-இல் தெளிவுபடுத்தியது. அப்போது நடைமுறையிலிருந்த 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், ஒருவர் ‘தொழிலாளி’யா என்பதை அவர் செய்யும் வேலையின் தன்மையைக் கொண்டே முடிவு செய்தது. அட்டையில் அனலிஸ்ட், கன்சல்டன்ட் என்று எது அச்சிடப்பட்டிருந்தாலும், தொழில்நுட்ப வேலை செய்பவர் அதன் வரம்புக்குள் வர இடமிருந்தது. ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத முன்னறிவிப்பும், நிறைவு செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தர வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதியாக இருந்தது. இத்தனை இருந்தும் வழக்கு வரை செல்வோர் மிகக் குறைவு. பணிநீக்கம் என்று எழுதாமல், நீங்களே ராஜினாமா செய்துவிட்டால் அனுபவச் சான்றில் குறை இருக்காது என்று சிறிய கூட்ட அறையில் வைத்துச் சொல்லப்படும்போது, அடுத்த வேலையை நினைத்துப் பலரும் கையெழுத்திட்டுவிடுகிறார்கள்.

தாமாக விலகுவோருக்கு வேறு தடை உண்டு. பெருநிறுவனங்கள் பலவற்றில் முன்னறிவிப்புக் காலம் 90 நாட்கள்; ஆனால் ஆளை எடுக்கும் புதிய நிறுவனமோ முப்பது நாட்களுக்குள் வரச் சொல்கிறது. 2022-இல் வேலை மாறுவோர் பெருகி, இன்ஃபோசிஸின் ஆண்டு விலகல் விகிதம் 28 சதவீதத்தைத் தாண்டிய வேளையில், இந்த இழுபறி ஆயிரக்கணக்கான வீடுகளில் அன்றாடப் பேச்சாக இருந்தது. கடைசி நாளில் மடிக்கணினியையும் அட்டையையும் ஒப்படைத்த பின் கையில் வரும் ‘ரிலீவிங் லெட்டர்’ என்ற விடுவிப்புக் கடிதத்தில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவியின் பெயர் ஆகிய மூன்றும் இருக்கும். எந்த வங்கியின் மென்பொருளை ஏழு ஆண்டுகள் இரவில் கண்விழித்துக் காத்தார் என்பதை இரகசிய ஒப்பந்தம் காரணமாக அவர் வெளியில் எழுதக் கூடாது என்பதால், அடுத்த நேர்காணலுக்கான தன்விவரக் குறிப்பில் அந்த இடத்தில் ‘அமெரிக்காவின் முன்னணி வங்கி ஒன்று’ என்று எழுதிக்கொள்கிறார்.