பெட்டிக்கு எத்தனை கிலோ?

தொண்டாமுத்தூர்ப் பக்கம் நிலத்தின் விலை சென்ட்டில், போர்வெல்லின் ஆழம் அடியில், மோட்டாரின் திறன் எச்.பி.யில். பட்டாவில் மட்டும் ஹெக்டேரும் ஏரும். 1956-இல் சட்டம் இயற்றி, 1958 அக்டோபரில் மெட்ரிக் எடைகளைக் கொண்டுவரத் தொடங்கிய நாட்டில் இன்னும் இப்படியா என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. அந்தச் சலிப்பு தேவையற்றது. சென்ட் ஒன்றும் வாய்க்கு வந்த அளவல்ல. 66 அடி நீளத்தில் நூறு கண்ணி கொண்ட நில அளவைச் சங்கிலியில் பிறந்தது அது. ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு சென்ட். மெட்ரிக்கில் சொன்னால் 40.47 சதுர மீட்டர். பட்டாவில் ஏறத்தாழ நாற்பதரை ஏர் இருந்தால் ஒரு ஏக்கர். பெயர் இரண்டானாலும் நிலம் ஒன்றே. கொங்கில் தானியம் அளந்த வள்ளமும் படியும் அப்படியல்ல: தலைதட்டி அளந்தால் ஒரு கணக்கு, குவித்து அளந்தால் வேறு கணக்கு. அவை ஒழிந்தது நியாயமே.

ஓர் அளவை நிலைநிறுத்துவது அதன் பெயரல்ல, பின்னால் நிற்கும் சரிபார்ப்பு. எலக்ட்ரானிக் தராசையே எடுத்துக்கொள்ளுங்கள். தட்டுக்கு அடியில் ஓர் உலோகக் கட்டை. பாரம் ஏறினால் அது இம்மியளவு வளையும். அதில் ஒட்டிய மெல்லிய கம்பிப் பட்டையின் மின்தடை மாற, அதை மின்சுற்று எண்ணாக்கிக் காட்டுகிறது. ஆக, தராசுக்குத் தெரிந்தது வளைவு மட்டும். கிலோவை எடைக்கல் வைத்துத்தான் கற்றுத்தர வேண்டும். அந்தக் கல்லை அதைவிடத் துல்லியமான கல்லோடு ஒப்பிட்டு, படிப்படியாக மேலே போனால் டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் வரும். அங்கிருப்பது பாரிஸ் அருகே வைத்திருந்த மூலக் கிலோகிராமின் 57-ஆம் பிரதி. 2019 மே 20 முதல் கிலோகிராமை வரையறுப்பது பிளாங்க் மாறிலி; உலோகக் கட்டிக்கு அந்த வேலை இல்லை. முத்திரை ஆய்வாளர் ஆண்டுதோறும் தராசைச் சோதிப்பது இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி.

இவ்வளவும் அறுந்துபோக ஒரு தக்காளிப் பெட்டி போதும். பெட்டிக்கு எத்தனை கிலோ என்பது சந்தைக்குச் சந்தை மாறும். விடியற்காலை அவசரத்தில் ஒவ்வொன்றையும் நிறுக்க முடியுமா என்று கேட்பார்கள். காலிப் பெட்டியின் எடையை அதன் மேலேயே பொறித்துவிட்டால் நிறுப்பது நொடி வேலை. அழுகலுக்குக் கழிவு எடுப்பது வழக்கம்தானே என்பார்கள். தரம் குறைந்தால் விலையைக் குறைக்கட்டும், அது பேரம். எடையில் கழித்தால், முத்திரையிட்ட தராசு பத்து என்று காட்டியதைச் சீட்டில் ஒன்பது என்று எழுத வேண்டிவரும்.