மடிந்த செடியா, உறங்கும் செடியா?

அயர்லாந்து தேசத்தார் மார்ச்சு 17-ம் தேதி, புனித பாட்ரிக் திருநாளன்று, மூவிலைத் தளிர் ஒன்றைச் சட்டையில் அணிந்து மகிழ்வர். 'ஷாம்ராக்' என்பது அதன் பெயர். ஆனால் உண்மையான ஷாம்ராக் எது? 1893-ல் கால்கன் என்னும் இயற்கை ஆராய்ச்சியாளர், அந்நாட்டின் பல பகுதிகளிலிருந்து அத்தளிர்களை வரவழைத்து வளர்த்துப் பார்த்தார். பூத்தபோது அவற்றுட் பெரும்பாலானவை இரண்டு வகைக் க்ளோவர்ச் செடிகளாகவே இருந்தன.

அழகுக்காகத் தொட்டியில் வளர்க்கும் ஊதா இலை ஷாம்ராக்கோ வேறு இனம். தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. நம் புளியாரைக்கு உறவு. இரவில் இலைகளைக் குடைபோல் மடக்கி உறங்கும்.

க்ளோவரை விதையிட்டு வளர்ப்பது சுலபம். ஈரமண்ணில் விதையைத் தூவி, கால் அங்குலத்துக்கு மேற்படாமல் மண் மூடுக. ஆழப் புதைத்தால் முளை வெளிவராது. நீர் தேங்கினால் நாற்று அழுகும். ஊதாச் செடிக்குக் கிழங்கே வித்து. நீர் வடியும் தொட்டியில் ஓர் அங்குல ஆழத்தில் நட்டு, கடும் வெயில் படாத வெளிச்சத்தில் வைத்தல் நலம்.

ஒரு காலத்தில் அதன் இலைகளெல்லாம் வாடி உதிரும். நாம் முதன்முறை அது மடிந்ததென்றே எண்ணி, மண்ணைக் கொல்லையில் கொட்டிவிட்டோம். மாதம் ஒன்று சென்றபின் அக்குப்பையிலிருந்தே ஊதாத் தளிர்கள் தலைகாட்டின! இப்போதெல்லாம் இலை வாடினால் நீரை நிறுத்தி, தொட்டியைச் சில வாரம் நிழலில் வைக்கிறோம். தளிர் கண்டதும் மீண்டும் நீர் வார்க்கிறோம்.

வகுப்பில் எத்தனை பிள்ளைகளை இவ்வாறே அவசரப்பட்டுக் கைவிட்டோமோ என்ற எண்ணம் மட்டும் இன்னும் நம்மை விட்டபாடில்லை.