மூடியைத் திறந்த பிறகு நான்கு மணி நேரம்

தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் குழந்தைகளுக்குத் தடுப்பூசி நாள். மதுரை மாவட்டம் திருமங்கலம் ஊருக்குள்ளும் கள்ளிக்குடி, டி.கல்லுப்பட்டிப் பக்கமும் இருக்கும் அரசு மையங்களில் அன்று பிற்பகல் ஒரு கேள்வி எழும். பேரப்பிள்ளையைத் தூக்கி வந்த பாட்டிகள்தான் பெரும்பாலும் கேட்பார்கள்: “பத்துப் பிள்ளைக்கான மருந்து, நாலு பேருக்குத்தான் போட்டிருக்கீக. மிச்சத்த ஏம்மா வீணாக்குறீக?”

நியாயமான கேள்வி. அரசுப் பணத்தில் வாங்கிய மருந்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் காப்பாற்றிக் கொண்டுவந்த மருந்து. ஆனாலும் அதைக் கொட்டத்தான் வேண்டும்.

பிறந்ததும் போடும் பி.சி.ஜி.யும், ஒன்பது மாதம் முடிந்ததும் போடும் எம்.ஆர். என்ற தட்டம்மை–ரூபெல்லா ஊசியும் குப்பிக்குள் உலர்ந்த தூளாக வருகின்றன. அவற்றோடு வரும் டைலூயன்ட் என்ற கலக்கும் திரவத்தைச் சேர்த்த பிறகுதான் போட முடியும். இரண்டிலும் இருப்பவை வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமிகள். கெடாமல் இருக்க மருந்து சேர்த்தால் அந்தக் கிருமிகளும் செத்துவிடும், தடுப்பூசியால் பயன் இருக்காது. அதனால் காவலே இல்லாத குப்பி அது. நம் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாகக் குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியா ஒரு ஊசிமுனை வழியாக உள்ளே போனால் போதும், மதுரைச் சூட்டில் மளமளவென்று பெருகி நஞ்சைச் சுரக்கும். பார்வைக்கு மருந்தில் எந்த மாற்றமும் தெரியாமல் போகலாம். ஊசி போட்ட சில மணி நேரத்தில் கடும் காய்ச்சல், வாந்தி, தண்ணீராகப் பேதி.

கலந்த மருந்தை நான்கு மணி நேரத்துக்குள் அல்லது அன்றைய முகாம் முடிவதற்குள், எது முந்துகிறதோ அதற்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. மீந்தது கழிவு.

குழப்பம் வருவது அடுத்த குப்பியைப் பார்க்கும்போது. பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி போன்றவை திரவமாகவே வருபவை, கெடாமல் காக்கும் பொருள் சேர்த்தவை. திறந்த குப்பிகளுக்கென 2013-இல் மத்திய அரசு வகுத்த கொள்கைப்படி, 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருந்து, ரப்பர் மூடி உருகிய ஐஸ் தண்ணீரில் மூழ்காமல் இருந்தால், அவற்றை 28 நாள் வரை பயன்படுத்தலாம். ஒரே மேசையில் ஒன்று பெட்டிக்குத் திரும்புகிறது, இன்னொன்று குப்பைக்குப் போகிறது.

அந்தக் காக்கும் பொருளுக்குப் பின்னாலும் குழந்தைகளின் உயிர் இருக்கிறது. 1928 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் நகரில் டிப்தீரியா தடுப்பு மருந்து போட்ட 21 குழந்தைகளில் 12 பேர் இறந்தார்கள். பல பேருக்குப் போடும் பாட்டில், அதில் காக்கும் பொருள் கிடையாது, உள்ளே ஸ்டெஃபைலோகாக்கஸ். அதை விசாரித்த அரச ஆணையம், அத்தகைய பாட்டில்களில் காக்கும் பொருள் கட்டாயம் வேண்டும் என்றது.

2017 மே மாதம் தெற்கு சூடானின் கபோயெட்டா பகுதியில் நடந்தது இன்னும் கொடுமை. நான்கு நாள் தட்டம்மை முகாம் முழுக்க மருந்து கலக்க ஒரே சிரிஞ்ச். குளிர்பெட்டியும் இல்லை. ஐந்து வயதுக்கு உட்பட்ட 15 குழந்தைகள் இறந்துபோனார்கள். தடுப்பூசியில் பிழை இல்லை, கையாண்ட விதத்தில்தான் பிழை.

நமக்கும் ஒரு காயம் உண்டு. 2008 ஏப்ரல் 23-இல் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு பச்சைக் குழந்தைகள் இறந்தன. அதன்பின் ஊர் ஊராகப் போய் ஊசி போடுவதை அரசு நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாற்றியது. எல்லா ஊசியும் பெற்ற குழந்தைகள் 2005–06 தேசிய குடும்பநல ஆய்வில் சுமார் 81 சதவீதம், 2015–16-இல் 70-க்கும் கீழே. இதுவே முழுக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தொலைவு கூடியதும், பயம் படிந்ததும் தாய்மாருக்குத் தெரியும். 2019–21-இல்தான் 89 சதவீதத்துக்கு ஏறினோம்.

செவிலியர் மேசையில் நான் முதலில் தேடுவது குப்பியின் மேல் எழுதிய நேரத்தை. சூடு பட்டால் நிறம் மாறும் அடையாளம், தூளாக வரும் இந்தக் குப்பிகளில் மூடியின் மேல்தான் இருக்கும். திறந்ததும் அது கழன்றுவிடும். அதன்பிறகு குப்பியின் வயதைச் சொல்ல பேனாவால் எழுதிய மணி ஒன்றுதான் மிச்சம். ஒவ்வொரு குப்பிக்கும் புதிய கலக்கும் சிரிஞ்ச் வேண்டும், ரப்பரில் ஊசியைக் குத்தியபடி விட்டுவைக்கக் கூடாது. தடுப்பூசியைத் தயாரித்த அதே கம்பெனியின் டைலூயன்ட்டையே, முதல் நாளே குளிரில் வைத்து எடுக்க வேண்டும்.

“எத்தனை மணிக்குக் கலந்தது சிஸ்டர்?” என்று தாய் தாராளமாகக் கேட்கலாம். நல்ல செவிலியர் குப்பியைத் திருப்பிக் காட்டுவார். ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வார், இருங்கள். வீட்டுக்குப் போனபின் வாந்தியும் பேதியும் சேர்ந்து கடும் காய்ச்சல் வந்தால் 108-ஐ அழையுங்கள். மிஞ்சிய குப்பியும் உடனே குப்பைக்குப் போவதில்லை. ‘பயன்படுத்தக் கூடாது’ என்று எழுதிய டப்பாவில் 48 மணி நேரம் அல்லது அடுத்த முகாம் வரை குளிரில் வைத்திருப்பார்கள். எந்தக் குழந்தைக்காவது ஏதாவது ஆனால் சோதனைக்கு அனுப்ப அதுதான் வேண்டும்.